கைவழிக் கல்வி

நுழையும்முன்

செய்து கற்றல் என்பது இன்று புதிய சொல்லாக ஒலிக்கிறது. ஆனால், தமிழ்நிலத்தில் அதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெருமையும் இருக்கிறது, காயமும் இருக்கிறது. மணலில் எழுதிய விரல் முதல் கொடைக்கானலில் நடந்த மாண்டிசோரி வகுப்பு வரை, கையால் கற்ற கதையையும், கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்க முயன்றபோது தமிழகம் கொதித்தெழுந்த காரணத்தையும் இப்பாடம் பேசுகிறது.

பந்தலும் பாடநூலும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூரை அடுத்து அமைந்திருக்கிறது ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். கல்தூண்களின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். கவாத்துப் பருவத்தில் பந்தலுக்குள் சென்றால், கத்தரி பிடித்த கை ஒவ்வொரு கொடியையும் தொட்டுப் பார்த்து, கணுக்களை எண்ணி, ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு வெட்டுவதைக் காணலாம். எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பது இரகத்தைப் பொறுத்தது. கொடியின் பருமனையும் பொறுத்தது. வெட்டுபவர் இவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய விரல்களுக்கு அது தெரியும்.

அத்தகைய வீடொன்றிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாவரவியல் வகுப்பில் அவர் 'நுனி ஆதிக்கம்' என்னும் பகுதியைப் படிக்கிறார். தண்டின் நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியிருக்கும். நுனியை நீக்கினால் அவை துளிர்க்கும் என்பது பாடம். ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பற்றியும் படிக்கிறார். விதை உள்ள பழத்தில் விதையே அதனை ஊட்டும். விதையற்ற திராட்சைக்கு அந்த ஊட்டம் குறைவு என்பதால் வெளியிலிருந்து தெளிக்கிறார்கள் என்பதும் பாடத்தில் உண்டு. இவ்விரண்டையும் அவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். வெட்டிய இடத்திற்கு அருகிலுள்ள கணு முதலில் துளிர்ப்பதை அவர் சிறுவயது முதலே கண்டிருக்கிறார். ஆயினும், வீட்டில் கண்டதும் பள்ளியில் படித்ததும் ஒரே பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே மாணவியிடம் இரண்டு அறிவுகள் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் உண்டு.

மதிப்பெண் இல்லாத அறிவு நாளடைவில் மதிப்பில்லாத அறிவாக ஆகிவிடுகிறது. அவ்வறிவை உடைய பெற்றோரும் பிள்ளையின் கண்ணில் அவ்வாறே ஆகிவிடும் இடர் இருக்கிறது. ஆகவே, கையால் செய்து கற்பதை வகுப்பறைக்குள் கொண்டுவருவதைப் பொழுதுபோக்குப் பாடவேளையைப் பற்றிய கேள்வியாகச் சுருக்கிவிட முடியாது.

மணலில் எழுதிய விரல்

நம் மொழி, செய்தலையும் அறிதலையும் வெகுதொலைவில் வைக்கவில்லை. பாட்டுக்குச் 'செய்யுள்' என்று பெயர். செய்யப்பட்டது என்பது அதன் பொருள். உழுது பண்படுத்திய நிலமும் 'செய்'. நன்செய், புன்செய் என்று இன்றும் பத்திரங்களில் எழுதுகிறோம். 'கல்லுதல்' என்றால் தோண்டுதல். கல்வி என்னும் சொல்லை அதனோடு இணைத்துக் காண்போரும் உளர். அச்சொல்லாய்வை அறிஞர்களுக்கு விட்டுவிட்டுத் திண்ணைப் பள்ளிக்குச் செல்வோம்.

அங்கே பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வாயால் அதன் ஒலியைச் சொல்லிக் கற்றனர். விரல், செவி, வாய் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைக் கற்றன. தவறினால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். பிழையின் தடம் கூட மிஞ்சாது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கண்டார். மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கத்தோடு இதனையும் தம் பள்ளியில் கையாண்டார். அதைப்பற்றி 1797இல் இலண்டனில் அவர் நூல் வெளியிட்டபின், அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. அடியும் மனப்பாடமும் அங்கே மிகுதி. எல்லாச் சாதியினரும், எல்லாப் பெண்களும் அத்திண்ணையில் ஏற முடிந்ததில்லை. மணலில் எழுதும் பேறு சிலருக்கே வாய்த்தது என்பதை மறவாதிருப்போம். இப்பாடத்தின் பிற்பகுதியில் அச்செய்தி நமக்குத் தேவைப்படும்.

கொடைக்கானலில் ஓர் ஆசிரியை

தேனியிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் மேலே கொடைக்கானல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 முதல் 1944 வரை, உலகம் அறிந்த கல்வியாளர் ஒருவர் அங்கே தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியில் மருத்துவம் பயின்ற அவர், 1907இல் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, ஆசிரியர் பயிற்சி அளிப்பதற்காகச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்புவது அவர் திட்டம். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டுக் குடிமகளாகிவிட்டார். உடன் வந்த மகன் மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. மரியாவின் எழுபதாம் பிறந்தநாளான 31.08.1940 அன்று மாரியோ விடுவிக்கப்பட்டார். ஆயினும், போர் முடியும்வரை இருவரும் நாடு திரும்ப முடியவில்லை. அவ்வாறு தங்க நேர்ந்த ஆண்டுகளில்தான் கொடைக்கானல் வகுப்பு நிகழ்ந்தது. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்தனர். செடி, பூச்சி, பாறை, நீர், விண்மீன் ஆகியன தனித்தனிப் பாடங்களாகப் பிரியாமல் ஒன்றோடொன்று பின்னிய ஒரே உலகமாக அவர்கள்முன் வைக்கப்பட்டன. அண்டம் தழுவிய கல்வி என்று அவர் பிற்காலத்தில் விரித்துரைத்த கொள்கை, இம்மலையில்தான் உருவம் பெற்றது.

அவருடைய கருவிகளுள் ஒன்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்துமாறு, பிடியுள்ள பத்து உருளைகள். பருமனில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறிதளவே வேறுபடும். குழந்தை உருளைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, மீண்டும் பொருத்தவேண்டும். மெல்லிய உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால் அந்நேரம் ஒன்றும் தெரியாது. உருளை உள்ளே போய்விடும். ஆனால், கடைசியில் ஒரு பருத்த உருளை கையில் மிஞ்சும்; அது நுழையக்கூடிய குழி இருக்காது. ஆசிரியர் 'தவறு' என்று சொல்லவில்லை. சிவப்பு மையால் யாரும் சுழிக்கவில்லை. கட்டையே சொல்லிவிட்டது. குழந்தை தன் வழியில் பின்னோக்கிச் சென்று, எங்கே பிழைத்தது என்று தேடத் தொடங்குகிறது.

மாண்டிசோரி இதனைப் 'பிழைக்கட்டுப்பாடு' என்றார். கைவழிக் கல்வியின் உயிர்நிலை இதுதான் என்று தோன்றுகிறது. பொருள் நம்மை மறுக்கும். அம்மறுப்பில் அவமானம் இல்லை. வண்ணத்தாளை ஆசிரியர் சொன்ன கோட்டில் வெட்டி, ஆசிரியர் சொன்ன இடத்தில் ஒட்டிச் சுவரில் தொங்கவிடும் 'கைவேலை'யில் இது நிகழ்வதில்லை. அங்கே கை அசைகிறது, மனம் உறங்குகிறது.

இன்னொரு கருவியும் சொல்லத்தக்கது. மணல்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதன்மீது விரலை ஓட்டி, ஒலியைச் சொல்லும். உரோமில் உருவான கருவிதான். ஆனால், திண்ணைப் பள்ளியில் படித்த முதியவர் எவரேனும் அதனைக் கண்டிருந்தால் முன்பே பழகிய பொருளைப் போல உணர்ந்திருப்பார்.

தெரியுமா?

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக, ஜாகிர் உசேன் தலைமையில் ஆதாரக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுத்த குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றனர். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். மற்றவர் தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா.

தக்ளி கற்பித்த கணக்கு

ஆதாரக் கல்வித் திட்டம் ஏழாண்டுக் கட்டாயக் கல்வியைப் பரிந்துரைத்தது. நாள்தோறும் ஐந்தரை மணிநேரப் பள்ளி. அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. நூற்பு, தச்சு, வேளாண்மை போன்ற ஏதேனும் ஒரு தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் மொழியையும் அதனூடாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

நூற்பிலிருந்து கணக்கு எப்படி வரும்? தக்ளியைச் சுழற்றிப் பஞ்சை இழுக்கும்போது முறுக்கு குறைந்தால் நூல் அறும். இழுப்பு சீராக இல்லாவிட்டால் ஓரிடம் பருத்து ஓரிடம் இளைக்கும். இங்கும் பொருளே பிழையைக் காட்டுகிறது. நூற்ற நூலின் தரத்தை 'நம்பர்' என்பார்கள். 840 கெசம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனைச் சிட்டங்கள் நிற்கின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே, 20ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கெசம் நீளும். முழுப் பவுண்டும் நூற்று முடிக்க எந்தச் சிறுவனாலும் ஆகாது. அவன் நூற்றது ஒரு சிட்டத்தில் எட்டிலொரு பங்கான 105 கெசம் என்றால், அதனை எடைபோட்டு நம்பரைக் காண வேண்டும். விகிதமும் பின்னமும் அங்கே தேவையாகின்றன. நேற்றைய நூலைவிட இன்றைய நூல் மெல்லியதா என்று அறிய அவன் விரும்புவதால், அக்கணக்கை அவன் கேட்டுப் பெறுகிறான்.

இத்திட்டத்தின் தாக்கம் நம் பகுதியை விரைவில் எட்டியது. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றியது. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கே கழித்தார். திண்டுக்கல் அருகே 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர்.

ஆதாரக் கல்வியின்மேல் அன்றே வலுவான ஐயங்கள் எழுந்தன. பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்று காந்தியடிகள் எண்ணியதைப் பலர் ஏற்கவில்லை. விற்பனை நோக்கம் புகுந்தால் பள்ளி தொழிற்கூடமாகிவிடும், பிள்ளை கூலியாகிவிடும் என்றனர். அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. விற்பதற்காக நூற்கும் சிறுவன் பிழை செய்ய அஞ்சுவான். பிழை செய்ய அஞ்சுபவனுக்குத் தக்ளி எதையும் கற்பிக்காது.

ஆறாத காயம்

கைவழிக் கல்வி என்றதும் தமிழகத்தில் இன்றும் சில மூத்தோர் முகம் சுளிப்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பள்ளியில் படிக்கலாம். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் நிகழும் தொழிலையோ கற்கலாம். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இருமுறை வகுப்பு நடத்தினால், மேலும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். ஆனால், தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில் 'பெற்றோர் தொழில்' என்பதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவும், சலவை செய்பவரின் மகள் துணி வெளுக்கவும் போகவேண்டும். எழுத்தும் நூலும் தொழிலாக உடைய வீட்டுப் பிள்ளைக்கோ அந்த எஞ்சிய நேரமும் படிப்பு நேரமாகவே கழியும். மக்கள் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்தனர். தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வரலாறு கைவழிக் கல்விக்கு எதிரான சான்றா? கூர்ந்து பார்த்தால், அத்திட்டம் கையைப் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை. பிள்ளையைத்தான் பள்ளிக்கு வெளியே அனுப்பியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் ஒரே மரத்துண்டை இழைப்பது ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் தந்தையின் கருவியோடு தனித்தனித் தெருவுக்குத் திரும்புவது முற்றிலும் வேறு. முன்னதில் மருத்துவரின் மகளும் தச்சரின் மகனும் உளியின் முன்னால் ஒரே அளவு அறியாதவர்கள். தச்சரின் மகன் சற்று முந்தியிருக்கவும் கூடும். மருத்துவரின் மகள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரும். ஆகவே, கையால் செய்யும் கல்வி யார் யாருக்கு, எந்த இடத்தில் என்னும் கேள்வியைத் தமிழகத்தில் எவரும் தவிர்க்க இயலாது.

அட்டையும் ஈர்க்கும்

அதற்குப்பின் நெடுங்காலம் வாரத்திற்கு ஓரிரு பாடவேளை தையலும் தோட்டவேலையுமாகக் கைத்தொழில் ஓரத்தில் நின்றது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது வகுப்பறையின் உருவமே மாறியது. ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார். குழந்தையின் உயரத்திற்குச் சுவரில் தாழ்மட்டக் கரும்பலகை வந்தது. ஒவ்வொருவருக்கும் அதில் ஓரிடம். பாடம் அட்டைகளாகப் பிரிந்து, ஏணிப்படி போல் அடுக்கப்பட்டது. 2007-08ஆம் கல்வியாண்டில் தொடக்க வகுப்புகளுக்கு மாநிலம் முழுவதும் இது விரிந்தது. அச்சத்தைப் போக்கியது இதன் பெரும்பேறு. ஆயினும், ஏணி எங்கே ஏறுகிறது என்பதை முன்னரே வகுத்துவிட்ட இடங்களில் அட்டையும் இன்னொரு பாடநூல்போல் ஆகிவிடும். 28.11.2022 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளை நேரில் செய்துகாட்டவும் செய்யவைக்கவும் கருத்தாளர்களை அனுப்புகிறது.

விலைமிக்க கருவி இல்லாததால்தான் செய்துபார்க்க இயலவில்லை என்று சொல்வோர்க்கு விடையாக அமைந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அவர், 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பங்கேற்று, தீக்குச்சியையும் மிதிவண்டியின் வால்வு டியூப் துண்டுகளையும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் வழியைக் கண்டார். வீணாகும் பொருள்களிலிருந்து அவர் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்கள் ஏராளம்.

அதனை நாமும் செய்துபார்க்கலாம். நான்கு ஈர்க்குகளைச் சமநீளமாக ஒடித்து, முனைகளை ரப்பர்க் குழாய்த் துண்டுகளால் இணைத்துச் சதுரம் ஆக்குங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். நான்கு பக்கங்களும் மாறவில்லை, கோணங்கள் மாறிவிட்டன. மூன்று ஈர்க்குகளால் முக்கோணம் செய்து தள்ளுங்கள். அது அசையாது. மூன்று பக்கங்களும் உறுதியானால் முக்கோணமும் உறுதியாகிவிடும் என்னும் ப-ப-ப விதியை நீங்கள் முன்பே எழுதித் தேறியிருக்கிறீர்கள். அவ்விதி இப்போது விரலுக்கு எதிராக நிற்கிறது.

மீண்டும் பந்தலுக்கு

அந்த முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்திற்குச் செல்வோம். பந்தலின் ஓரத்துத் தூண்களைப் பாருங்கள். கம்பிகளும் கொடியும் குலையும் சேர்ந்து அவற்றை உள்நோக்கி இழுக்கின்றன. எனவே, வெளிப்புறம் சாய்வாக ஒரு கம்பியை இழுத்துத் தரையில் பிணைத்திருப்பார்கள். தூண், தரை, கம்பி: முக்கோணம். கம்பியை எந்தக் கோணத்தில் கட்டினால் எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பது பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்.

தேனி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே புகுந்து வருவதால் காற்றாலைகள் நிற்கின்றன. தாளில் காற்றாடி செய்யாத குழந்தை இல்லை. இறகின் சாய்வை மாற்றினால் வேகம் எப்படி மாறும்? எதிர்ப்பக்கம் சாய்த்தால் எத்திசையில் சுழலும்? பெரிய காற்றாலைக்கு ஏன் மூன்றே இறகுகள்? ஒரு தாள், ஒரு குண்டூசி, ஒரு குச்சி ஆகியவற்றைக் கொண்டு முதலிரண்டு கேள்விகளுக்கு ஒரு பாடவேளையில் விடை காணலாம். மூன்றாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. நல்ல வகுப்பில் அது அடுத்த வாரத்திற்கும் தொடரும்.

நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பார். பொதுத்தேர்வு அருகில் நிற்கிறது. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், செய்முறைக்கென்று இப்போதும் நேரம் ஒதுக்கித்தான் இருக்கிறோம். அந்நேரத்தில் நடப்பது என்ன? விடை முன்னரே தெரிந்த சோதனை. மூத்த மாணவரின் பதிவேட்டிலிருந்து இறங்கிவரும் அளவீடுகள். சரியான மதிப்புக்கு ஏற்பத் திருத்தி எழுதிய எண்கள். பொருள் மறுத்துச் சொன்னதை நாம் அழித்துவிட்டு, நூல் சொன்னதை எழுதுகிறோம். நேரத்தைக் கூட்டுவதற்கு முன், தவறாக வந்த அளவீட்டையும் அச்சமின்றி எழுத விடலாம். ஏன் அவ்வாறு வந்தது என்று விளக்கியவருக்கு மதிப்பெண் தரலாம்.

இனி, அந்த மாணவியிடம் திரும்புவோம். அவர் வகுப்பில் உள்ள அனைவரும், தோட்டம் உடையவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்குச் செல்பவர் வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்தையே அறியாத பிள்ளைகளும், ஒரு நாள் பந்தலுக்குச் செல்கிறார்கள் என்று கொள்வோம். கவாத்துக் கத்தரியைப் பிடிக்கும் முறையை அன்று கற்பிப்பவர் மாணவியின் தாய். ஐந்து கொடிகளில் ஐந்து விதமாகக் கணு விட்டு வெட்டி, வண்ணநூல் கட்டி, தேதி எழுதுகிறார்கள். மாணவி குறிப்பேட்டில் அட்டவணை வரைகிறார். முதல் பத்தியில் தாய் முன்கூட்டிச் சொன்னது; இரண்டாம் பத்தியில் பாடநூலைக்கொண்டு வகுப்பு ஊகித்தது; மூன்றாம் பத்தி காலியாக இருக்கிறது. கொடி துளிர்க்கும்வரை அது காலியாகவே இருக்கும். எந்த உரைநூலைப் புரட்டினாலும் அதற்குரிய விடை கிடைக்காது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கையால் செய்யப்படும் தொழில் ஒன்றை அருகிருந்து காண்க. செய்பவர் தம் பிழையை எவ்வாறு அறிகிறார், எவ்வாறு திருத்துகிறார் என்பதை அவரிடமே கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பள்ளி வளாகத்திலுள்ள செம்பருத்திச் செடியின் இரு கிளைகளில் ஒன்றின் நுனியை மட்டும் நீக்கி, மூன்று வாரம் கவனித்துக் குறிப்பெடுக்க. எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதேனும் நிகழ்ந்தால் அதனையும் அவ்வாறே பதிவு செய்க.

3. 'கைத்தொழிலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கலாம்' என்னும் பொருளில், 1953ஆம் ஆண்டின் நிகழ்வுகளையும் கருத்தில்கொண்டு வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.